ஓர் இரைச்சலும் ஓர் ஒற்றெழுத்தும்

என் மூத்தம்மா பாடிய கவியொன்றிலே ஒரு சொல்லை நான் பிழையாகக் கேட்டேன். கேட்டதோடு நின்றிருந்தால் குற்றமில்லை. அதை எழுதியும் வைத்தேன். எழுதியதோடும் அமையாது, நாட்டார் பாடல்களை ஆராயும் மாணவி ஒருத்தியிடம் அந்தக் குறிப்பேட்டைக் கொடுத்தும் விட்டேன். அந்தப் பிள்ளை என்னை நம்பி, அவ்வொரு சொல்லுக்கு ஒரு முழுப் பக்க விளக்கம் எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். அருமையான விளக்கம். பிழை என்பதைத் தவிர அதில் வேறு குறை எதுவுமில்லை.

பிழைக்கு என் செவியோ வயதோ காரணமல்ல என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். முழுவதும் அப்படிச் சொல்லித் தப்பிவிட முடியாது. ஆயினும், அதிற் பெரும்பங்கு, விரல் நுனியளவே உள்ள ஒரு கொள்ளளவிக்கும் அதனை உள்ளடக்கிய மலிவான அடப்டர் ஒன்றுக்கும் உரியது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1984ஆம் ஆண்டு. என் மாமா சவூதி அரேபியாவில் தொழில் செய்துகொண்டிருந்தார். அக்காலத்தில் இக்கரையோர ஊர்களிலிருந்து மத்திய கிழக்குக்குப் போனவர்களின் வீடுகளிற் கடிதத்துக்கு ஈடாகக் கசெற்றுகள் போய்வந்தன. எழுதத் தெரியாத தாய்மார் தம் பிள்ளைகளுடன் பேசிய வழி அது. மூத்தம்மாவும் அப்படியொரு கசெற்றை நிரப்பினார். சலாம் சொன்னார், ஊரிலே யார் யாருக்குச் சுகமில்லை என்று வரிசையாகச் சொன்னார், மாட்டுக்கு விலை கேட்டு வந்தவனைத் திட்டினார்; பேச்சு முடிந்தபின்னும் நாடா மிஞ்சியிருந்தபடியால் பாடினார். மகனுக்கென்று பாடிய அந்தப் பதினான்கு கவிகள்தாம் இன்று எம்மிடம் எஞ்சியுள்ளன. அவருடைய குரல் பதிந்த ஏனைய கசெற்றுகள் மருதமுனையில் என் ராத்தாவின் வீட்டில் இருந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் அந்த வீட்டுக்குள் வந்து போனபோது அலுமாரியையே காணவில்லை. கசெற்றுகளைப் பற்றி யார் கேட்பது? மாமா ஊர் திரும்பியபோது கையோடு கொண்டுவந்து என்னிடம் தந்த இந்த ஒன்று மாத்திரம் ஒலுவிலில் என் மேசை இழுப்பறைக்குள் இருந்தபடியால் தப்பியது.

ஓய்வுபெற்ற பின்பு இதனைச் சொல் பிசகாமல் எழுதி வைக்க வேண்டுமென்று எண்ணினேன். சிறிய ஒலிபெருக்கியிற் கேட்டால் பாதிச் சொற்கள் பிடிபடவில்லை. எங்கள் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் - 1996இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததன் பிறகு ஒலுவில் என்ற பெயரை வெளியூரவர்கள் அறிந்துகொண்டது அதனால்தான் - படிக்கும் அந்த மாணவி, ஒலிப்பதிவுக்கூடங்களிற் பாவிக்கும் தரமான ஹெட்போன் ஒன்றை இரவல் தந்தாள். அதன் தடை 250 ஓம். இரண்டு பென்சில் பற்றரிகளில் ஓடும் என் கையடக்கக் கசெற் கருவி அதை இயக்கப் போதவில்லை; கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவது போலிருந்தது. ஆகவே மலிவு விலையில் ஹெட்போன் விரியலாக்கி ஒன்றை வாங்கினேன். கடைத்தெருவில் அதற்கு 'அம்ப்' என்று பெயர். விரியலாக்கி நல்லதுதான். அதனுடன் வந்த அடப்டரிலேதான் வினை இருந்தது.

ஹெட்போனைச் செவியில் மாட்டியதும் மூத்தம்மா என் அருகில் வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் மெல்லிய ரீங்காரம் ஒன்றும் வந்து உட்கார்ந்தது. பழைய நாடாவின் இரைச்சல் என்று எண்ணிப் பொருட்படுத்தாது விட்டேன். அதுதான் என் முதற் பிழை.

அந்த ரீங்காரத்தின் இயல்பைச் சற்று விளக்கவேண்டும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ் மீடிறனுள்ள ஆடலோட்டம். செக்கனுக்கு ஐம்பது தடவை அது முன்னும் பின்னுமாகத் திசை மாறுகிறது. விரியலாக்கிக்கு வேண்டியதோ அசையாத நேரோட்டம். அடப்டருக்குள் இருக்கும் நிலைமாற்றி வோல்ற்றளவைக் குறைக்கிறது. நான்கு இருவாயிகள் சேர்ந்து பின்னோக்கிய அலைகளையும் முன்னோக்கித் திருப்பிவிடுகின்றன. இப்போது திசை ஒன்றுதான். ஆனால் ஓட்டம் சீராயில்லை. செக்கனுக்கு நூறு மேடும் நூறு பள்ளமும் அதில் உண்டு. அந்தப் பள்ளங்களை நிரவுவதற்காகவே கொள்ளளவி வைக்கப்படுகிறது. மேடு வரும்போது நிரம்பிக்கொண்டு, பள்ளம் வரும்போது கொடுத்து உதவுகின்ற சின்னக் குளம் என்று அதனைக் கருதலாம். கல்லோயாவை மறித்துச் சேனாநாயக்க சமுத்திரத்தைக் கட்டியதன் பயனை ஒவ்வொரு போகமும் கண்டு வரும் எங்கள் பகுதி விவசாயிகளுக்கு இதனை விளக்கச் சிரமப்படத் தேவையில்லை.

குளம் சிறிதானால்? என் அடப்டருக்குள் இருந்தது 1000 மைக்ரோபரட். விரியலாக்கி இழுத்த மின்னோட்டம் ஏறத்தாழ 100 மில்லி அம்பியர். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடைப்பட்ட நேரம் செக்கனில் நூறில் ஒரு பங்கு. பெருக்கி வகுத்துப் பார்த்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஏறத்தாழ ஒரு வோல்ற்று வீழ்ச்சி. அந்த ஒரு வோல்ற்று ஆட்டம் முழுவதும் செவிக்கு வருவதில்லை. ஆனால், மலிவான கருவிகளில், வந்த வோல்ற்றளவை இரண்டு தடையிகளாற் பாதியாகப் பிரித்து, அந்த நடுப்புள்ளியை ஆதாரமாகக் கொண்டே ஒலியலையை மேலும் கீழும் ஆடவிடுவார்கள். நின்று பாடும் தரையே ஆடினாற் பாட்டு எப்படி இருக்கும்? ஆட்டத்தின் ஒரு சிறு பங்கு 100 ஹேட்ஸ் ரீங்காரமாகவும், அதன் மடங்குகளான 200, 300 ஹேட்ஸ் ஒலிகளாகவும் பாட்டோடு கலந்துவிடுகிறது. சிறிய ஒலிபெருக்கியினால் இவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்ப முடியாது. ஆதலால் அங்கே குற்றம் மறைந்திருந்தது. நல்ல ஹெட்போன் காட்டிக்கொடுத்தது.

தமிழ் ஆசிரியனாக நாற்பது ஆண்டுகள் கழித்த எனக்கு இதிற் பின்னர் புரிந்த வேடிக்கை ஒன்றுண்டு. அந்த ரீங்காரத்தை வாயால் எழுப்பிப் பாருங்கள். உதடுகள் மூடிக்கொள்ளும்; 'ம்' என்ற ஒலியே பிறக்கும். மகர ஒற்றைச் சொல்லும்போது வாய் அடைபட்டு மூக்கின்வழி வரும் முணுமுணுப்பின் வலுவெல்லாம் 250, 300 ஹேட்ஸ் அளவிலேதான் இருக்கிறது; அதற்கு மேற்பட்ட ஒலிக்கூறுகள் மிகவும் மெலிந்தவை. ஆகவே 300 ஹேட்ஸில் ஒரு ரீங்காரம் ஓயாது ஒலித்துக்கொண்டிருந்தால், பாடுபவர் சொல்லை முடித்து மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் ஒரு 'ம்' இருப்பது போலத் தோன்றும். உண்மையாகவே 'ம்' இருக்கும் இடத்தில் அது தெரியாமற் போகும். ஒற்றுக்கு அரை மாத்திரை என்று இலக்கணம் வகுத்தவர்கள், மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரைதான் கொடுத்தார்கள். அந்தக் கால் மாத்திரையிலே கொண்டுபோய் என் அடப்டர் தன் மூக்கை நுழைத்துவிட்டது.

நான் எழுதிவைத்த சொல் 'வந்தாராம்'. வயல் வாடிக்குப் போனவரை நினைத்துப் பாடுகிற கவி அது. வந்தாராம் என்றால், வந்ததாக யாரோ சொல்லக் கேட்டாள் என்று பொருள். மாணவியின் விளக்கமும் அதைப் பற்றியதே: பெண் தன் கண்ணாற் கண்டதைச் சொல்ல இடமில்லாத வாழ்வில், பிறர் வாய்ச் செய்தியே அவளுக்குச் சாட்சியாகிறது என்றும், அந்த 'ஆம்' என்ற இடைச்சொல்லுக்குள் ஒரு சமூகத்தின் திரை முழுவதும் தொங்குகிறது என்றும் எழுதியிருந்தாள். வாசித்து மகிழ்ந்தேன். அவள் போனபின், அந்த மகிழ்ச்சியிலேயே, அவ்வடியை மீண்டும் கேட்டேன். 'வந்தாராம்' என்றே கேட்டது. அடுத்த அடியையும் கேட்டேன். அதுவும் 'ம்' என்றே முடிந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. கசெற்றை நிறுத்தினேன். நிறுத்திய பிறகும் 'ம்' ஓயவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ தெரியாது. பிறகுதான் ஒரு விடயம் நினைவுக்கு வந்தது. 1984இல் எங்கள் ஒழுங்கைக்கு மின்சாரம் வரவில்லை. மாமா அனுப்பியிருந்த டேப் ரெக்கோடர் ஆறு பெரிய பற்றரிகளில்தான் ஓடிற்று. பற்றரியின் மின்னோட்டம் ஆடாதது. அதிற் பதிந்த நாடாவில் இந்த ரீங்காரம் இருக்க வழியே இல்லை. மூத்தம்மாவின் மேற் பழி போட இடமில்லாமற் போயிற்று.

அக்கரைப்பற்றில் வானொலி திருத்தும் காக்கா ஒருவர் இருக்கிறார். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாயிருந்த 1970களிலே, பற்றரிக்குப் பதிலாக வீட்டு மின்சாரத்தில் வானொலியை ஓட்டும் 'எலிமினேற்றர்' என்ற பெட்டிகளைத் தம் கையாற் சுற்றிக் கட்டிக்கொடுத்தவர். அந்தத் தொழிலும் நூறாண்டைக் கடந்ததுதான். கொழும்பில் 1925 டிசம்பரில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிற்று. அதே ஆண்டிலேதான் கனடாவில் எட்வேட் ரொஜர்ஸ் என்ற இளைஞர், பற்றரியின்றி வீட்டு மின்சாரத்தில் நேரே ஓடும் வானொலிப் பெட்டியை விற்பனைக்கு விட்டார். ரீங்காரத்தை அடக்குவதுதான் அன்று அவரும் எதிர்கொண்ட பெரும் சிக்கல்.

காக்கா ஹெட்போனை ஒரு காதில் மாத்திரம் வைத்துக் கேட்டார்.

"சேர், இது பேசுறது கசெற் இல்ல, கறண்டு," என்றார்.

"அப்படியென்றால்?"

"ஊட்ட போய் ஒரு பற்றரியில கொளுவிப் பாருங்க. சத்தம் நின்டா அடப்டர எறிங்க. நிக்காட்டி அம்ப எறிங்க."

இதைவிடச் சிறந்த ஆய்வுமுறையை எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்க முடியாது. 2022இல் நாள்தோறும் மணிக்கணக்காக மின்வெட்டு நிலவிய காலத்தில் விளக்குக்கென்று வாங்கிய 12 வோல்ற்று பற்றரி ஒன்று வீட்டின் மூலையிற் கிடந்தது. அதைத் தூசிதட்டி மின்னேற்றிப் பொருத்தினேன். ரீங்காரம் அறவே இல்லை. முக்கால் மணி நேரத்தில் அந்த முதிய பற்றரி களைத்துப்போய்விட்டது. ஆனாலும் வழக்குத் தீர்ந்தது.

புதிய பற்றரி வாங்கினாற் போதாதா என்று வாசகர் கேட்கக்கூடும். போதும். நேர்மையாகச் சொன்னால், இவ்விடயத்தில் அதைவிடத் தூய்மையான மின்வழங்கி வேறில்லை. பொழுதுபோக்காகக் கேட்பவருக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் ஒரே அடியைத் திரும்பத் திரும்பக் கேட்கிற எனக்கு, பற்றரிக்கு மின்னேற்றும் கவலையும் சேர்ந்துகொள்வது பிடிக்கவில்லை.

ஆகவே காக்கா புதிய மின்வழங்கி ஒன்றைக் கட்டினார். 1000 மைக்ரோபரட்டின் இடத்தில் 4700. வீழ்ச்சி ஒரு வோல்ற்றிலிருந்து ஐந்திலொரு பங்காகக் குறைகிறது. குளத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஆட்டம் குறையுமேயன்றி அறவே ஒழியாது. ஆதலால் அதன் பின்னால் மதகு காப்பவன் ஒருவனும் வேண்டும். எல்எம்317 என்னும் மூன்று கால் சில்லு அந்த வேலையைச் செய்கிறது. அமெரிக்காவில் ரொபேட் டொப்கின் 1976இல் வடிவமைத்த இந்தச் சில்லு இன்றும் ஊர்க்கடைகளிற் கிடைக்கிறது. தன் ஒரு காலுக்கும் மற்றொரு காலுக்கும் இடையில் 1.25 வோல்ற்று எப்போதும் மாறாமலிருக்கும்படி அது தன்னைத்தானே திருத்திக்கொண்டிருக்கும். வெளியே 240 ஓம் தடையி ஒன்றும், ஏறத்தாழ 2070 ஓம் வரும்படி சேர்த்த தடையிகளும் வைத்தால், வெளிவரும் வோல்ற்றளவு 12க்குச் சற்று மேலே நின்றுவிடும். எஞ்சிய ஆட்டத்தை அது ஆயிரத்திலொரு பங்களவுக்கு அடக்கிவிடுகிறது.

(கொள்ளளவி, நிலைமாற்றி, மீடிறன் என்று நான் எழுதுவதைத் தமிழ்நாட்டு அன்பர் எவரேனும் படித்தால் முகஞ்சுளிக்கக்கூடும், அவர்களுக்கு அவை மின்தேக்கி, மின்மாற்றி, அதிர்வெண். நம் பாடநூல்கள் தந்த சொற்களை நான் விடுவதாயில்லை. காக்காவுக்கு இரண்டு தரப்புச் சொற்களும் வேண்டியதில்லை. அவருக்கு அது 'கப்பாசிற்றர்'.)

பகலிற் கட்டிமுடித்து, பகலிலேயே கேட்டுப் பார்த்தோம். மழை ஓய்ந்த முற்றம் போன்ற அமைதி. காக்காவுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, அஸர் தொழுகை முடிந்ததும் குறிப்பேட்டுடன் உட்கார்ந்தேன். மாணவிக்குச் செய்தி அனுப்பக் கையெடுத்தவன், இன்னுமொரு தடவை கேட்போமென்று மஃரிபுக்குப் பின்னும் உட்கார்ந்தேன். ஏழு மணியிருக்கும். மெல்ல, பழைய விருந்தாளி திரும்பி வந்தான். 'ம்' என்றான்.

எனக்கு ஏற்பட்ட சலிப்பை எழுதி முடியாது. பாகங்கள் பழுதோ, வயர் தளர்ந்ததோ என்று எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். ஒன்பதரை மணிக்கு ரீங்காரம் தானாகவே நின்றது. மறுநாளும் அப்படியே: ஏழு மணிக்கு வருகை, ஒன்பதரைக்குப் புறப்பாடு. பேய்க்கதை கேட்டு வளர்ந்த ஊரில் இதற்கு வேறு விளக்கமும் கிடைத்திருக்கும். காக்கா அதற்கு இடந்தராமல், மூன்றாம் நாள் மாலை தம் மானியோடு வந்து சுவர்ச் செருகியை அளந்தார். 198 வோல்ற்று.

எங்கள் ஒழுங்கை மின்கம்பி வழியின் கடைக்கோடியில் இருக்கிறது. வீடுகளிலெல்லாம் விளக்கும் விசிறியும் மோட்டாரும் ஓடுகிற மாலை வேளையில், கோடியில் இருப்பவனுக்கு மிஞ்சுவது குறைவுதான். கடைமடை வயலுக்கு நீர் வருவது போல. நாங்கள் போட்ட நிலைமாற்றி 12 வோல்ற்று. சுவரில் 230 இருக்கும்போது அதன் அலையின் உச்சி 17ஐத் தொடும், இருவாயிகள் 1.4 எடுத்துக்கொண்டால் எஞ்சுவது 15.6. சில்லு ஒழுங்காக வேலை செய்ய, தான் கொடுக்கும் 12க்கு மேல் இரண்டு மூன்று வோல்ற்று கையிருப்பு வேண்டும். பகலில் அது இருந்தது. சுவரில் 198 ஆகும்போது உச்சி 14.6, எஞ்சுவது 13.2. கையிருப்புப் போதாத நிலையில் மதகுகாரனாற் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. உள்ளே வருகிற மேடுபள்ளத்தை அப்படியே வெளியே விடுகிறான்.

"பகல் கறண்டுக்குக் கணக்குப் போட்டன், சேர். இரவுக்குப் போடல்ல. என்ட பிழை," என்றார் காக்கா. ஒரு பிழையை இவ்வளவு விரைவாக ஒப்புக்கொள்ள எனக்கு வராது. மாணவியிடம் இன்னும் நான் வாய்திறக்கவில்லை.

12 வோல்ற்று நிலைமாற்றியைக் கழற்றி 15 வோல்ற்றில் ஒன்றைப் போட்டார். இப்போது சுவரில் 198 இருந்தாலும் உள்ளே 16.8 இருக்கும். பகலில் மிகுகின்ற ஏழெட்டு வோல்ற்றைச் சில்லு வெப்பமாக்கித் தள்ளவேண்டும். ஒரு வோற்றுக்கும் குறைந்த சூடு. அதற்குச் சிறிய அலுமினியத் தகடொன்று போதியது. கொள்ளளவியையும் 25 வோல்ற்றுக்கு உரியதாக வையாமல் 35க்கு உரியதாக வைத்தார். நள்ளிரவில் எல்லோரும் விளக்கணைத்தபின் வோல்ற்றளவு ஏறுமல்லவா? இன்னொன்றையும் செய்தார். விரியலாக்கிக்குப் போகிற எதிர் வயரை, இருவாயிகளுக்கும் கொள்ளளவிக்கும் இடையிலிருந்து எடுக்காமல், கொள்ளளவிக்கு அப்பாலிருந்து எடுத்தார். கொள்ளளவி நிரம்பும்போது பாய்கின்ற மின்னோட்டம் அந்த இடைவயரிலே துடிக்கும். அங்கே கைவைத்தால் அத்துடிப்பும் பாட்டோடு சேர்ந்துவிடுமாம். சுவர் மின்சாரம் பாயும் பகுதியை உருகியோடு தனியே மூடி, என்னைத் தொடவிடவில்லை. இதைப் படித்துச் செய்துபார்க்க விரும்பும் மாணவர்களும் அந்தப் பகுதியைத் தொழில் தெரிந்தவரிடமே விட்டுவிடுக. 230 வோல்ற்று உயிரைக் குடிக்கக்கூடியது.

அன்று மாலை ஏழு மணிக்கு மானி 201 காட்டிக்கொண்டிருந்தது. நானும் காக்காவும் ஹெட்போனை ஆளுக்கொரு காதாகப் பகிர்ந்துகொண்டு கேட்டோம்.

மூத்தம்மா பாடினார். அடி முடிந்தது. முடிந்த இடத்தில் ஒன்றுமில்லை. 'ஆ' என்ற நெடில் நீண்டு, உயர்ந்து, அந்தரத்தில் நின்றது.

'வந்தாரா.'

யாரும் அவளிடம் வந்து சொல்லவில்லை. அவள்தான் கேட்கிறாள். அடுத்த அடியும் வினா, அதற்கடுத்ததும் வினா. நான் கேள்விச் செய்தியென்று எழுதிவைத்த கவி முழுவதும், பதில் கிடையாத கேள்விகளின் வரிசை. கடல் கடந்த மகனுக்கு அனுப்பிய கசெற்றில், பாடுவதற்கு எத்தனையோ இருக்க, இதைத் தேர்ந்து பாடியிருக்கிறார். மாமா இதனை அங்கே எத்தனை தடவை கேட்டாரோ. அவரிடம் அப்போது நல்ல பற்றரி இருந்திருக்கும்.

இன்னொன்றும் கேட்டது. அடிகளுக்கு இடையில், மூச்சு வாங்கும் இடங்களில், முன்பு ரீங்காரம் நிரப்பியிருந்த வெற்றிடத்தில், மிகத் தொலைவிலிருந்து விட்டுவிட்டு வருகிற ஓர் இரைச்சல். "இதுவும் கறண்டா காக்கா?" என்று பயந்துபோய்க் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சற்றுநேரம் கேட்டார். "இல்ல, சேர். கடல்," என்றார். 1984இன் ஒலுவிற் கடல். 2013இல் திறந்த துறைமுகத்தின் அணைகள் எழுந்த பிறகு, கரையை அரித்துத் தென்னந்தோப்புகளையும் விழுங்கிவிட்ட அதே கடல்தான்; பதிவு நடந்த அந்நாளில் அது எங்கள் வீட்டிலிருந்து இன்னும் எவ்வளவோ தூரத்தில் இருந்தது.

மறுநாள் மாணவியை அழைத்து ஹெட்போனைக் கொடுத்தேன். முன்னுரை எதுவும் சொல்லவில்லை. அவள் மூன்று தடவை கேட்டாள். பிறகு தன் ஒரு பக்க விளக்கத்தைப் பையிலிருந்து எடுத்து, மடித்து, மறுபடி பைக்குள் வைத்தாள். "சேர், மத்த 'ம்' எல்லாம்?" என்றாள்.

அதுதான் கேள்வி. குறிப்பேட்டில் அடியிறுதியில் 'ம்' என்று நான் எழுதிய இடங்கள் இருபத்தாறு. இருவரும் வாரம் இரண்டு மாலைகள் உட்கார்ந்து இதுவரை பதினேழைக் கேட்டு முடித்திருக்கிறோம். பத்து இடங்களில் மூத்தம்மா 'ம்' சொல்லவேயில்லை. ஆறு இடங்களில் ஐயமின்றிச் சொல்லியிருக்கிறார். எஞ்சிய ஓரிடத்தில் அவளுக்கு ஒன்று கேட்கிறது, எனக்கு ஒன்று கேட்கிறது, இரண்டையும் எழுதிவைத்திருக்கிறோம். இனி வருவன கசெற்றின் கடைசிக் கவிகள். அங்கே டேப் ரெக்கோடரின் ஆறு பற்றரிகளும் களைக்கத் தொடங்கிவிட்டன. பதிந்தபோது நாடா மெதுவாக ஓடியபடியால், இன்று கேட்கையில் மூத்தம்மாவின் குரல் அடிக்கு அடி மெலிந்து, உயர்ந்து, விரைந்து, ஒரு சிறுமியின் குரலாகிக்கொண்டே போகிறது. அதற்கு எந்த வேகத்திற் கருவியை ஓட்டவேண்டுமென்று காக்காவிடம் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.